'லொஸ்ட்' என்று எழுதினால் இறந்தவர் என்று வாசிப்பார்கள்: எங்கள் வாக்குமூலங்களும் ஆங்கில வினைச்சொற்களும்

அந்தக் கடிதம் பொலித்தீன் பையொன்றுக்குள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடித்த இடங்களில் எழுத்து தேய்ந்து போயிருந்தது. முல்லைத்தீவு மாவட்டத்தில் வசிக்கும் தாயொருவர் பல வருடங்களுக்கு முன்னர் ரவுணில் உள்ள கொமியூனிகேஷன் கடையொன்றில் காசு கொடுத்து ஆங்கிலத்தில் எழுதுவித்தது. அவர் சொல்லச் சொல்ல, ஆங்கிலம் தெரிந்த பெடியன் ஒருவன் கணினியில் அடித்திருக்கிறான். 'ஐ லொஸ்ட் மை சன்' என்றுதான் கடிதம் தொடங்குகிறது. 2009 மே 18, வட்டுவாகல் என்று திகதியும் இடமும் அதே வரியில் இருக்கின்றன.

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பெண் சட்டத்தரணி ஒருவரிடம் அந்தக் கடிதத்தை ஒருமுறை கொடுத்திருக்கிறார். அவர் வாசித்து முடித்ததும் இந்த அம்மாவின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறார். பிறகு மொழிபெயர்ப்பாளர் மூலமாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

"எங்க தாட்டனீங்கள் எண்டு கேட்டவ பிள்ளை. நான் என்ர பிள்ளையைக் காட்டுங்கோ எண்டு கேக்கப் போனனான். அவ என்னட்டை எங்க தாட்டனீங்கள் எண்டு கேக்கிறா."

கடிதம் அடித்த பெடியனையோ வாசித்த சட்டத்தரணியையோ குறை சொல்ல முடியாது. 'லூஸ்' என்ற வினைக்கு எந்த அகராதியிலும் தொலைத்தல், இழத்தல் என்றுதான் இருக்கும். குடையைத் தொலைத்தாலும் காசைத் தொலைத்தாலும் 'லொஸ்ட்' தான். ஆனால் ஒரு தாய் தன் மகனை 'லொஸ்ட்' என்று எழுதினால், ஆங்கிலத்தில் வாழ்கிறவருடைய மனதில் முதலில் வருவது மரணம். சந்தைக்குள் ஐந்து நிமிடம் பிள்ளையைத் தவறவிட்டவரும் அதே சொல்லைத்தான் சொல்லுவார். ஆனால் பக்கத்தில் 2009 மே 18 என்ற திகதி இருக்கும்போது யாரும் அதைச் சந்தைக் கூட்டமாக வாசிக்கப் போவதில்லை.

சிலர் இதைத் திருத்துவதாக நினைத்து 'ஐ மிஸ்ட் மை சன்' என்று எழுதுவார்கள். இது இன்னும் தூரமாகப் போய்விடும். பஸ்ஸை 'மிஸ்' பண்ணலாம், வகுப்பை 'மிஸ்' பண்ணலாம். ஆளை 'மிஸ்' பண்ணினேன் என்றால் அவருடைய நினைவாகவே இருந்தேன், ஏங்கினேன் என்று பொருள். அந்த ஏக்கம் உண்மைதான். ஆனால் அந்த வரியில் சம்பவமே இல்லை. யாரும் யாரையும் எங்கும் கொண்டு போகவில்லை.

அம்மாவிடம் தமிழில் கேட்டேன், உண்மையில் என்ன நடந்தது என்று. அவருக்குப் பதில் சொல்ல ஒரு விநாடியும் தேவைப்படவில்லை. "நான் துலைக்கேல்லை. இயக்கத்தில ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கோ எண்டு அறிவிச்சவை. என்ர கையால கூட்டிக்கொண்டுபோய்க் குடுத்தனான். பஸ்ஸில ஏத்தினதைக் கண்டனான்."

இந்த மூன்று நான்கு வசனங்களுக்குள் ஒரு வழக்குக்குத் தேவையான அத்தனையும் இருக்கிறது. யார் கொடுத்தது, யாரைக் கொடுத்தது, எந்த அறிவிப்பின் பேரில் கொடுத்தது, அதன் பிறகு கண்ணால் கண்டது என்ன. ஆங்கிலக் கடிதத்தில் இவற்றில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் 'லொஸ்ட்' விழுங்கிவிட்டது.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்த காலத்தில், அடிக்கடி மாறிப்போகும் ஆங்கில வினைகள் என்று எங்களுக்கு ஒரு பட்டியல் தந்தார்கள். 'சே' எங்கே, 'டெல்' எங்கே. 'பொரோ' எது, 'லென்ட்' எது. பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதிவிட்டு மறந்துபோனோம். பிழை விட்டால் ஒரு புள்ளி குறையும், அவ்வளவுதான். பிறகு வன்னியில் செய்தி சேகரிக்கவும், குடும்பங்களின் கடிதங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கவும் தொடங்கியபோதுதான் வேறொரு பட்டியல் இருப்பது விளங்கியது. அதை எந்தப் புத்தகத்திலும் நான் காணவில்லை.

ஏன் ஆங்கிலம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க எங்களுக்கு உரிமை இருக்கிறது, கொடுக்கவும் வேண்டும். ஆனால் எங்களுடைய கதைகள் நாட்டைத் தாண்டியும் போகின்றன. ஐ.நா.வின் உத்தியோகபூர்வ மொழிகள் ஆறு: அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம். ஜெனிவாவுக்குப் போகும் மனுவும், லண்டனிலோ ரொறன்ரோவிலோ அகதி விண்ணப்பத்தோடு இணைக்கப்படும் சத்தியக்கடதாசியும் யாரோ ஒருவருடைய ஆங்கிலத்தில்தான் வாசிக்கப்படுகின்றன. வாசிப்பவருக்கு எங்களுடைய முகம் தெரியாது. வினைச்சொல் மட்டும்தான் தெரியும்.

இதிலே முதலாவது, மிகப் பெரியது, 'டிஸ்அப்பியர்'. பாடசாலையில் தன்வினை, பிறவினை படித்திருப்போம். திரும்பினான் தன்வினை, திருப்பினான் பிறவினை. அடங்கினான், அடக்கினான். ஓடினான், ஓட்டினான். ஓரெழுத்து வல்லினமானதும் செய்தவன் வேறு ஆளாகிவிடுகிறான். காணாமல் போனான் என்பதும் தன்வினை போன்றதுதான், போனது அவன். காணாமல் ஆக்கப்பட்டான் என்றால் ஆக்கிய ஒருவர் இருக்கிறார். 'காணாமல் போனோர்' என்று சொல்லாதீர்கள், 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதுங்கள் என்று வீதியோரக் கொட்டகைகளில் இருந்த தாய்மார் செய்தியாளர்களை எத்தனை தடவை திருத்தியிருப்பார்கள்! என்னையும் திருத்தியிருக்கிறார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தின் பதாகைகளில் நின்றது இந்த இலக்கணம்தான்.

ஆங்கிலத்தில் 'டிஸ்அப்பியர்' இயல்பில் தன்வினை மட்டும். சூரியன் மறைந்தது, பூனை மறைந்தது. ஒருவரை இன்னொருவர் 'டிஸ்அப்பியர்' பண்ணினார் என்று பழைய ஆங்கிலப் பாடப்புத்தகப்படி எழுத முடியாது. ஜோசப் ஹெல்லர் 1961இல் எழுதிய 'கெட்ச்-22' நாவலில் ஒரு பாத்திரம் இந்த வினையை அப்படிப் பயன்படுத்த, கேட்டுக்கொண்டிருப்பவர் அது இலக்கணமே இல்லையே என்று திகைத்துப்போகும் இடமொன்று வரும். அன்றைக்கு அது இருண்ட பகிடி. பின்னர் ஆர்ஜன்டீனாவில் 1976இல் தொடங்கி 1983 வரை நீடித்த இராணுவ ஆட்சியில் ஆட்கள் கொண்டுபோகப்பட்டபோது, அங்கேயும் தாய்மார் சதுக்கத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய ஸ்பானிய மொழியிலிருந்து அந்தப் பிறவினை உலகத்துக்குப் போனது. இன்றைக்கு 'வொஸ் டிஸ்அப்பியர்ட்' என்று எழுதினால் அது பிழையான ஆங்கிலம் அல்ல. மனித உரிமை அறிக்கைகளில் தாராளமாகப் புழங்குவது. கணினியின் எழுத்துத் திருத்தி அடியில் கோடு போட்டால் பயப்பட வேண்டாம்.

ஆனால் 'மிஸ்ஸிங்' என்பது பிழை என்றும் ஆகாது. அது நிலையைச் சொல்லும் சொல்: ஆள் எங்கே என்று தெரியவில்லை. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் தன் பெயரிலேயே இந்தப் பெரிய குடையைத்தான் பிடித்திருக்கிறது. போரில் காணாமற்போன படையினரும் அதற்குள் வருவர், வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களும் அதற்குள் வருவர். அந்த அலுவலகத்தின் கண்டறிதல்களால் யாருக்கும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ ஏற்படாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆக்கிய செயலைக் குற்றமாக்கியது வேறொரு சட்டம், 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கம். ஆகவே இரண்டு வினைகளுக்கும் இரண்டு வேலைகள். 'மை சன் இஸ் மிஸ்ஸிங்' என்பது இன்றைய நிலை. 'ஹி வொஸ் டிஸ்அப்பியர்ட்' என்பது அன்று ஒருவர் செய்த செயல். முதலாவதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால், செய்தவர் வசனத்திலிருந்து இறங்கிப் போய்விடுவார்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நடந்ததைவிடப் பெரிய வினையைப் போட்டால் கடிதம் பலமாகும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எழுதிக்கொடுப்பவர்கள் சிலரும் அப்படி ஆலோசனை சொல்வார்கள். ஷெல்லடிக்குள் தண்ணீர் எடுக்கப் போன தகப்பன் திரும்பி வரவில்லை, யாரும் பிடித்ததை யாரும் காணவில்லை என்றால், அங்கே 'வென்ட் மிஸ்ஸிங்' தான் நேர்மையான வினை. அதை 'அப்டக்டட்' என்று மாற்றினால், எங்கே, எந்த வாகனம், எத்தனை பேர் என்று அடுத்தடுத்துக் கேள்வி வரும். பதில் இல்லாதபோது கடிதத்தில் உண்மையாக இருந்த மற்ற வரிகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

அடுத்தது 'சரெண்டர்', 'ஹான்ட் ஓவர்'. எங்களுடைய பத்திரிகைகளே சரணடைந்தவர்கள், கையளிக்கப்பட்டவர்கள் என்று இரண்டையும் மாறி மாறி எழுதுகின்றன. 'ஹி சரெண்டர்ட்' என்றால் எழுவாய் மகன். அவனே போய்ச் சரணடைந்தான். வாசிப்பவர் அவனை ஆயுதத்தோடு வைத்துத்தான் யோசிப்பார். 'ஐ ஹான்டட் ஹிம் ஓவர் டு த ஆமி' என்றால் வசனத்துக்குள் மூன்று பேர் நிற்கிறார்கள்: கொடுத்தவர், கொடுக்கப்பட்டவர், வாங்கியவர். கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார், சாட்சி சொல்கிறார். வாங்கியவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆட்கொணர்வு மனு என்று நீதிமன்றங்களில் போடப்படுவது இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது: உன்னுடைய பொறுப்பில் எடுத்த ஆளைக் கொண்டுவந்து காட்டு. எடுத்தார் என்று சொல்லும் வினை இல்லாவிட்டால் காட்டு என்று எப்படிக் கேட்பது?

மகன் தானே நடந்து போனான், தாய் பக்கத்தில் நின்றார் என்றால் இரண்டு வசனமாக இரண்டையும் எழுதலாம். ஒரே வினைக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டியதில்லை.

என்னுடைய பிழையொன்றையும் சொல்லத்தான் வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை ஆங்கிலப்படுத்தினேன். "வந்தவை இவரைக் கூட்டிக்கொண்டு போனவை" என்று அவர் சொன்னதை 'தே அக்கம்பனிட் ஹிம்' என்று எழுதினேன். கூட்டிக்கொண்டு போதலுக்கு அகராதியில் அதுதான் இருந்தது. ஆங்கிலத்தில் அதன் பொருள், அவர் போனார், அவர்களும் துணைக்குப் போனார்கள். வாசித்த ஆசிரியர் ஒருவர், கணவர் எங்கே புறப்பட்டார் என்று திருப்பிக் கேட்டபோது எனக்கு முகம் கறுத்துப்போனது. 'தே டுக் ஹிம் அவே' என்று மூன்று சின்னச் சொற்களும் ஒரு பெயர்ச்சுட்டும் போதுமாக இருந்தது. பத்திரிகைத் தமிழ் இன்னும் மோசம். விசாரணைக்காக அழைத்துச் செல்லப்பட்டார் என்று மரியாதையாக எழுதுகிறோம். அழைத்தல் என்பதைப் பிடித்துக்கொண்டு 'இன்வைட்டட் ஃபோர் இன்குவயரி' என்று மொழிபெயர்த்த கடிதமொன்றையும் பார்த்திருக்கிறேன். அழைப்பிதழ் கிடைத்தவரைப் போல.

மறுத்தல் என்ற வினையில் தமிழ் எங்களைக் கைவிட்டுவிடுகிறது. ஏனென்றால் தமிழில் ஒன்றாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டு. நடந்ததை இல்லை என்று சொன்னால் 'டினை'. செய்யக் கேட்டதைச் செய்யமாட்டேன் என்றால் 'ரிஃபியூஸ்'. அப்படி ஒரு ஆள் எங்களிடம் இல்லை என்று முகாம் வாசலில் சொன்னார்கள் என்றால் 'தே டினைட்'. பெயர்ப்பட்டியலைக் காட்டக் கேட்டோம், காட்டவில்லை என்றால் 'தே ரிஃபியூஸ்ட்'. முறைப்பாட்டைப் பதிய மறுத்த பொலிஸ் நிலையம் 'ரிஃபியூஸ்ட்'. இரண்டையும் மாற்றிப் போட்டால் இலக்கணம் மட்டும் பிழைக்காது. 2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, இலங்கை 2016 மே மாதத்தில் ஏற்புறுதி செய்த சர்வதேச சமவாயத்தில், வலிந்து காணாமல் ஆக்குதலுக்குத் தரப்பட்ட வரைவிலக்கணத்துக்குள்ளேயே இந்த மறுப்பு ஓர் அங்கம். அரசின் ஆட்களோ அரசின் ஆதரவோடு இயங்குபவர்களோ ஒருவரின் சுதந்திரத்தைப் பறிப்பது முதல் பாதி. பறித்ததை ஒப்புக்கொள்ளாமல் விடுவதோ, ஆளின் கதியை மறைப்பதோ மறு பாதி. ஆகவே கொண்டு போன நாளைப் போலவே, இல்லை என்று சொன்ன நாளும் முக்கியமானது. எந்த வாசலில், எந்தத் திகதியில், எந்தச் சொல்லால் மறுத்தார்கள் என்று எழுதி வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு.

'அட்மிட்' இன்னொரு கண்ணிவெடி. ஆஸ்பத்திரியில் 'அட்மிட்' பண்ணினோம் என்று தமிழிலேயே பேசுகிறோம். ஆங்கிலத்தில் ஒருவர் ஒன்றை 'அட்மிட்டட்' என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதிகாரி சொன்னதற்குச் சம்மதித்தேன் என்பதற்கு 'அக்ரீட்'. கடிதத்தைப் பெற்றுக்கொண்டார் என்பதற்கு 'அக்செப்டட்'. சிங்களத்தில் எழுதிய தாளில் விளங்காமல் கையெழுத்து வைத்தவரைப் பற்றி எழுதும்போது இந்த மூன்றில் எதைப் போடுகிறோம் என்று இரண்டு தரம் பார்க்க வேண்டும். அங்கே உண்மையில் தேவைப்படுவது 'சைன்ட்' மட்டும்.

கேள், பார், தேடு மூன்றும் சாட்சியத்தின் உயிர்நாடி. யாழ்ப்பாண, வன்னித் தமிழில் கண்டனான் என்பதற்கும் பார்த்தனான் என்பதற்கும் இடையில் இன்றைக்கும் வேறுபாடு இருக்கிறது. கண்டனான் என்றால் கண்ணில் பட்டது, அது 'சோ'. பார்த்துக்கொண்டு நின்றனான் என்றால் நடந்து முடியும்வரை கண்ணை எடுக்கவில்லை, அது 'வொச்ட்'. பார்த்தனான், ஆனால் ஆளைக் காணேல்லை என்றால் முதலாவது 'லுக்ட்'. எங்களுடைய ஊர்ப்பேச்சில் இருக்கும் இந்தக் கூர்மையை எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போதே பாதி தொலைத்துவிடுகிறோம். பிறகு ஆங்கிலத்தில் மிச்சமும் போய்விடும்.

கேட்டேன் என்பது இதைவிடச் சிக்கல். சத்தம் கேட்டால் 'ஹேர்ட்'. அதிகாரியிடம் கேட்டால் 'ஆஸ்க்ட்'. ஒலிபெருக்கி அறிவிப்பைக் கவனித்துக் கேட்டால் 'லிஸின்ட்'. கேள்விப்பட்டேன் என்றால் இன்னொருவர் சொல்லித்தான் தெரியும். ஆங்கிலத்தில் 'ஹேர்ட் ஃப்ரொம் ஹிம்' என்றால் அவரே தொடர்புகொண்டார், கடிதம் போட்டார் அல்லது ரெலிபோன் எடுத்தார். 'ஹேர்ட் அபௌட் ஹிம்' என்றால் அவரைப் பற்றி யாரோ சொன்னார்கள். தடுப்பிலிருந்து வந்த ஒருவர், உங்கட மகனை உள்ளே கண்டேன் என்று தாயிடம் சொன்னது 'ஹேர்ட் அபௌட்'. அதை 'ஹேர்ட் ஃப்ரொம்' என்று எழுதினால், 2009க்குப் பிறகு மகன் வீட்டோடு பேசியிருக்கிறான் என்றாகிவிடும். அப்படியானால் எங்கே காணாமல் போனான் என்று கேட்பார்கள்.

தேடுதல் விஷயத்தில் கொஞ்சம் சிரிக்கவும் முடியும், சிரிப்பு வந்தால். 'ஐ சேர்ச்ட் மை சன் இன் ஓல் த காம்ப்ஸ்' என்று எத்தனையோ கடிதங்களில் இருக்கிறது. 'சேர்ச்' என்ற வினைக்கு நேரடியாக ஆளைப் போட்டால், சோதனைச் சாவடியில் செய்வதுபோல உடம்பைத் தடவிச் சோதித்தேன் என்று பொருள். ஓமந்தையில் எங்களைச் 'சேர்ச்' பண்ணினார்கள், சரி. மகனைத் தேடினேன் என்பதற்கு 'சேர்ச்ட் ஃபோர்' என்று இடையில் ஒரு குட்டிச் சொல் வேண்டும். அல்லது 'லுக்ட் ஃபோர்'.

இதையெல்லாம் மிஞ்சியது படுத்தல். பங்கருக்குள் மூன்று நாள் படுத்திருந்தோம் என்பதை 'வீ லைட் இன் த பங்கர் ஃபோர் த்ரீ டேய்ஸ்' என்று எழுதியிருந்த அறிக்கையை ஒருமுறை திருத்தினேன். படுத்தல் 'லை'. பொய் சொல்லுதலும் 'லை'. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. இறந்தகாலத்தில்தான் பிரிகின்றன. படுத்தோம் என்றால் 'லேய்', பொய் சொன்னோம் என்றால் 'லைட்'. பங்கருக்குள் மூன்று நாள் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று ஒரு குடும்பமே கையொப்பமிட்டிருந்தது. நிதானமான வாசகர் ஊகித்துக்கொள்வார் என்பது உண்மைதான். ஆனால் 'லை'யை நம்பாதவர்கள் பாதுகாப்பாக 'வீ ஸ்டேய்ட்' அல்லது 'வீ ஹிட்' என்று எழுதிவிடலாம். இருந்தோம், ஒளிந்திருந்தோம். ஆங்கிலேயர்களே இந்த வினையில் தடுமாறுகிறவர்கள்; நாங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இடம்பெயர்ந்தோம் என்பதற்கு 'மூவ்ட்', 'ஷிஃப்டட்', 'மைக்ரேட்டட்' மூன்றையும் கண்டிருக்கிறேன். முதலிரண்டும் வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு உரியவை. மூன்றாவது வேலை தேடிப் போகிறவர்களுக்கு. எங்களுக்கு உரியது 'வேர் டிஸ்பிளேஸ்ட்' அல்லது 'ஃபிளெட்'. உள்நாட்டு இடப்பெயர்வு பற்றி ஐ.நா. 1998இல் வெளியிட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளிலும், வீட்டை விட்டு ஓடவோ வெளியேறவோ கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் என்ற கருத்துத்தான் அடிப்படை. காணி விஷயத்தில் இது காசுக் கணக்காகவும் மாறும். 'வீ கேவ் அப் அவர் லேண்ட்' என்று ஒருவர் எழுதியிருந்தார். காணியை விட்டுவிட்டு வந்தோம் என்று சொல்ல நினைத்தவர், காணி வேண்டாமென்று விட்டுக்கொடுத்ததாக எழுதிவிட்டார். 'வீ வேர் ஃபோர்ஸ்ட் டு லீவ்' என்றால் உரிமை காணியிலேயே நிற்கும்.

இறந்தார், கொல்லப்பட்டார் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 'டைட்' நோயாளிக்கும் பொருந்தும். ஷெல் விழுந்து போனவருக்கு 'வொஸ் கில்ட்'. எங்களுடைய செய்திகளில் உயிரிழந்தார் என்று எழுதி எழுதிப் பழகிவிட்டோம், நானும்தான்.

இதற்கெல்லாம் ஆங்கிலம் முழுவதையும் படிக்க வேண்டுமா என்றால், தேவையில்லை. முதலில் தமிழில், வாயில் வருகிற தமிழில், எழுதுங்கள் அல்லது கைபேசியில் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மேடைத் தமிழுக்கு மாற்ற வேண்டாம். பிறகு ஒவ்வொரு வினைக்கும் இரண்டு கேள்வி: செய்தது யார்? எனக்கு எப்படித் தெரியும், கண்டதா, யாரும் சொன்னதா? இந்த இரண்டுக்கும் ஆங்கில வசனத்தில் பதில் இருக்கிறதா என்று மொழிபெயர்ப்பவரைக் கேளுங்கள். அவரை ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதியவரே வாசித்தால் தான் நினைத்ததைத்தான் வாசிப்பார். இயலுமென்றால் வேறொருவரிடம் கொடுத்து வாசிப்பியுங்கள். தமிழ் மூலத்தை எறியாமல் ஆங்கிலத்தோடு சேர்த்து வைத்திருங்கள். வெளிநாட்டில் அகதி நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். முதல் நேர்காணலில் 'அரெஸ்டட்' என்றும் அடுத்ததில் 'டேக்கன் ஃபோர் குவெஸ்சனிங்' என்றும் மொழிபெயர்ப்பாளர்கள் மாற்றிச் சொன்னதை, முன்னுக்குப் பின் முரண் என்று கணக்கெடுத்து விண்ணப்பத்தைத் தள்ளிவிட இடமுண்டு. பேசியவர் இரண்டு தடவையும் ஒரே தமிழ்ச் சொல்லைத்தான் சொல்லியிருப்பார்.

அந்த அம்மாவின் கடிதத்தை நாங்கள் இருவரும் இருந்து புதிதாக எழுதினோம். முதல் வரியில் 'லொஸ்ட்' இல்லை. 'ஹான்டட் ஓவர்' வந்தது. பஸ்ஸில் ஏற்றியதற்கு 'சோ' வந்தது. முகாமில் இல்லை என்று சொன்னதற்கு 'டினைட்' வந்தது. கடைசி வரியில் வந்து நின்றுவிட்டோம். "அவன் உயிரோட இருக்கிறான் எண்டு நம்புறன்" என்று அவர் சொல்லியிருந்தார்.

தமிழில் நம்புதல் ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'ஹோப்' என்றால் அப்படி இருக்கவேண்டும் என்ற ஆசை. 'பிலீவ்' என்றால் அப்படித்தான் என்று கொள்ளக் கையில் ஏதோ இருக்கிறது. பெரும்பாலானவர்கள் 'ஹோப்' என்றே எழுதிக் கொடுப்பார்கள். அது பண்பான சொல், யாரையும் சங்கடப்படுத்தாது. வித்தியாசத்தை அவருக்கு விளங்கப்படுத்திவிட்டு, எது அம்மா என்று கேட்டேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். அலுமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. பத்திரிகையிலிருந்து வெட்டிய படமொன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தடுப்பு முகாமொன்றில் வரிசையாக இருக்கும் இளைஞர்கள். இரண்டாவது வரிசையில், முகம் பாதி மறைந்திருக்கும் ஒருவனுக்குப் பக்கத்தில் நீலப் பேனையால் சின்னதாக ஒரு புள்ளி.

"காது அவன்ரதான்" என்றார்.

'பிலீவ்' என்று அடித்தேன். படத்தைப் பிரதி எடுத்து இணைப்பு ஒன்று என்று இலக்கமிட்டோம். பத்திரிகையின் பெயரும் திகதியும் வெட்டுத்துண்டில் இல்லை. அதைத் தேடி இந்தக் கிழமை யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குப் போகிறேன்.